முப்பது செகண்டும் நாப்பது நிமிசமும்

அந்த வீடியோவ கொஞ்சம் சத்தம் கொறைச்சு வையுங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதிய. வேற என்னத்தப் பாத்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பாட்டுப் போடுங்க, படம் போடுங்க, பஸ்ஸுல யாரும் யாரையும் கேக்கப்போறதில்ல. ஆனா அந்தப் பிள்ளை குரலை நான் வீட்டுலயும் கேக்கணும், பஸ்ஸுலயும் கேக்கணும்னா எப்படி?

ஆமா, யூடியூபுல வருத வெள்ளாப்பு சேனல்தான். மைக்கப் பிடிச்சிக்கிட்டு, முடிய அள்ளி முடிஞ்சிக்கிட்டு பேசுதால்லா, அது எம் மக.

பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? கீழ இசைன்னு பேரு போட்டிருக்கும் பாருங்க. அவ பேரு இசை இல்ல, இசக்கியம்மாள். எங்க அம்மை பேரு. பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல அப்படித்தான் இருக்கு. மெட்ராஸுக்குப் படிக்கப் போன இடத்துல பாதியை வெட்டிட்டா. வெட்டுததுல கெட்டிக்காரி.

நீங்க எங்க எறங்குதிய? மதுரையா? அப்ப நேரம் இருக்கு. சொல்லுதேன், கேளுங்க. நான் சொல்லுதத கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க. நான் எதையும் திணிக்கமாட்டேன். என் தொழிலே அதுதான்.

நானும் நியூஸ்தான் அண்ணாச்சி. பரமார்த்தலிங்கம்னு பேரு. டிவி லிங்கம்னா எங்க ஜில்லாவுல கலெக்டர் ஆபீஸ் வாட்ச்மேன்கூட எந்திரிச்சு நிப்பான். பெரிய சேனல், பேரு வேண்டாம், நீங்களும் பாக்குத சேனல்தான். இருபது வருசத்துக்கு மேல மாவட்ட நிருபர். இத்தனை எலெக்சன்ல இந்தக் கட்சிக்காரன், அந்தக் கட்சிக்காரன்னு ஒருத்தன் என்னைச் சொன்னது கிடையாது. நடந்தத நடந்தபடி சொல்லிட்டுப் போயிட்டே இருப்பேன்.

செவக்காட்டுப்பட்டின்னு எங்க பக்கம் ஒரு ஊரு. நாலுவழிச்சாலை போட்டாங்கல்லா, அதுல அந்த ஊரு ரெண்டாப் போச்சு. வீடுங்க எல்லாம் மேக்கால, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிக்க இடம், பாதிப் பேரு காடுகரை எல்லாம் கெழக்கால. நடுவுல அரளிச் செடியை நட்டு வச்சிருக்கான், பூ நல்லாத்தான் பூக்கு. மேல போக பாலம் கிடையாது, அடியில போக பாதை கிடையாது. காரும் லாரியும் வருத வேகம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருசமும் அங்க யாராவது ஒருத்தர் போய்ச் சேந்துருவாங்க.

அப்படிப் போனவர்தான் ஆவடையக்கா வீட்டுக்காரரு. ரேஷன் அரிசி வாங்கிட்டு வந்தவரு. அந்தச் செய்திய நான்தான் போட்டேன். அதுல இருந்து அந்தக்கா எனக்குப் பழக்கம். தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்குத வேலை பாக்கிறவ, பெருசா படிப்பு கிடையாது. ஆனா பேசினா அறுத்து அறுத்துப் பேசுவா.

இந்த எம்பி எலெக்சன் வந்ததும் அந்த ஊருல சுடலைமாடன் கோயில் முன்னால கூடி, யாரும் ஓட்டுப் போடக்கூடாதுன்னு முடிவெடுத்தாங்க. வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி. அந்தக்கா எனக்கு போன் போட்டுச்சு. "தம்பி, நீங்கதான் மொதல்ல வரணும்" அப்படின்னா. நானும் போனேன். இப்பல்லாம் சிக்கனம் பாருங்க, நான்தான் நிருபர், நான்தான் கேமராமேன். கேமராவ ஸ்டாண்டுல நிறுத்தி வச்சுட்டு, "சொல்லுங்கக்கா"ன்னேன்.

அந்தக்கா பேசினத அப்படியே சொல்லுதேன், எனக்கு மனப்பாடம். "நாங்க எந்தக் கட்சிக்கும் எதிரி இல்ல தம்பி. ரோடு போட்டப்ப இருந்தது ஒரு கட்சி. பாதை தாரோம்னு சொல்லி ஏமாத்தினது இன்னொரு கட்சி. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரோட்டுக்கு அடியில ஒரு மாடும் மனுசனும் போகுத அளவுக்குப் பாதை வேணும், அம்புட்டுதான். எங்களுக்கு ஓட்டுப் போட ஆசை. ஓட்டுப் போடணும்னுதான் ஓட்டுப் போடமாட்டோம்ங்கோம். இத விட்டா எங்க சொல்லு எந்தக் காதுல ஏறும்?"

நல்ல பேச்சு. நானும் அப்படியே மெட்ராஸுக்கு அனுப்பிட்டேன்.

அங்க டெஸ்க்குல பிரசன்னான்னு ஒரு தம்பி. நாங்க இங்க இருந்து அனுப்புதத எல்லாம் சேத்து, வெட்டி, தலைப்புப் போடுதது அவந்தான். தங்கமான பையன். போன் அடிச்சான். "அண்ணே, பைட் சூப்பர், அந்தம்மா பேசினது அள்ளுது. அந்த ஊருல எந்தச் சமுதாயம் ஜாஸ்தி? போன தடவ யாருக்கு விழுந்துச்சு?"

"தம்பி, அவங்க ரோட்டைப் பத்தில்லா பேசுதாங்க" அப்படின்னேன்.

"அண்ணே, இது நாட்டையே யாரு ஆளப்போறான்னு பாக்குத எலெக்சன். நம்ம கருத்துக்கணிப்புல அந்தத் தொகுதி இழுபறி. இவங்க போடலன்னா யாருக்கு அடி? அதைச் சொன்னாத்தான் ஆளு சேனல மாத்தாம உக்காருவான். ரோட்டுக்கு யாருண்ணே உக்காருவா?"

அந்த ரோடும் டெல்லிக்காரன் போட்ட ரோடுதாம்ப்பான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள வச்சுட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. தமிழ்நாடு பூரா இருந்து அவனுக்கு வந்து குமியுது.

சாயங்காலம் செய்தி வந்துச்சு. "இழுபறித் தொகுதியில் தேர்தல் புறக்கணிப்பு: இடி யாருக்கு?" அப்படின்னு தலைப்பு. கோட்டுப் போட்ட நாலு பேரு உக்காந்து ஒரு மணி நேரம் பேசினாங்க. இத்தனாயிரம் ஓட்டு, இந்தச் சமுதாயம், அந்தக் கூட்டணின்னு. ஒரு ஓரத்துல சின்னக் கட்டம் போட்டு அந்தக்கா படத்த ஓட விட்டிருந்தாங்க. சத்தம் கிடையாது, வாய் மட்டும் அசையுது. நடுவுல ஒரே ஒரு தடவ குரலை விட்டான். "ஓட்டுப் போடமாட்டோம்." அவ்வளவுதான்.

அந்தக்காகிட்ட இருந்து போன் வந்துச்சு. "தம்பி, நான் சொன்னதுல முன்பாதி எங்க?"

"அக்கா, ஒரு செய்திக்கு முப்பது செகண்டுதான் எடம். உங்க மொகம் தமிழ்நாடு பூரா தெரிஞ்சிருக்கு, அதை நெனச்சுச் சந்தோசப்படுங்க."

போன வச்சுட்டா. நன்றி இல்லாதவன்னு நான் சொல்லமாட்டேன். டிவி எப்படி நடக்குங்கற வெவரம் அவளுக்குத் தெரியாது, அதான்.

இந்த நேரத்துலதான் நம்ம இசையம்மா மெட்ராஸுல இருந்து வந்து எறங்கினா. அவளும் ஒரு பெரிய சேனல்ல சேந்து ஒரு வருசம்கூட இருக்கல. அங்க உண்மைய சொல்ல விடமாட்டேங்காங்கன்னு வெளிய வந்து, பெனிட்டான்னு ஒரு கூட்டாளிப் பிள்ளையோட இந்த யூடியூபு. எலெக்சனுக்கு ஊரு ஊராப் போறோம்னு வந்தாளுக. சாப்பிடுதப்பயே ஆரம்பிச்சா.

"அப்பா, உங்க சேனல் அந்த அம்மாவ ஊமையாக்கிட்டு. உங்களுக்கு எலெக்சன்னா குதிரைப் பந்தயம். யாரு முந்துதான், யாரு பிந்துதான். குதிரை மிதிச்சு எவன் செத்தாலும் உங்களுக்கு அக்கறை கிடையாது."

எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா பெத்த பிள்ளை ஒரு நல்லது செய்யணும்னு வருது. "சரி ஏட்டி, வா, நானே கூட்டிட்டுப் போறேன்"னு என் பைக்குலயே வச்சுக் கூட்டிட்டுப் போனேன். பெனிட்டா பஸ்ஸுல வந்தா. அந்தக்காகிட்ட, "எம் மக, நல்லாப் படிச்சவ, முழுசாக் கேட்டுப் போடுவா"ன்னு சொன்னேன். பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லங்கல.

கேட்டாளுக. அந்தக்கா வீட்டுல கஞ்சி குடிச்சு, துவையல் தொட்டு நக்கிக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் கேட்டாளுக. நான் வெளிய கயித்துக் கட்டிலு மேல உக்காந்திருந்தேன், எல்லாம் காதுல விழுந்துச்சு. வீட்டுக்காரரு செத்த அன்னைக்கு நடந்தத அக்கா சொன்னா. அந்த ரோட்டுல ரத்தம் காயவே இல்லன்னு அழுதா. கட்சிக் கதையையும் சொன்னா. ரோடு போட்டது இவன், ஏமாத்தினது அவன், ரெண்டும் ஒண்ணுன்னு என்கிட்ட சொன்னத அச்சுப் பிசகாம அவகிட்டயும் சொன்னா.

மறுநாள் வீடியோ வந்துச்சு. நாப்பது நிமிசம் ஓடுச்சு. நீங்க பாத்துக்கிட்டு இருந்தியள்லா, அதேதான். தலைப்பு என்ன? "ஆட்சிக்குச் சாவுமணி அடித்த கிராமம்!" முகப்புல அந்தக்கா அழுத மொகத்தப் பெருசாக்கி, பின்னால தீ எரியுது. அண்ணாச்சி, அந்த ஊருல அடுப்பத் தவிர எங்கயும் தீ எரியல.

நான் நாப்பது நிமிசமும் பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாப் பண்ணியிருந்தாளுக. அரளிப்பூவ காட்டுதா, லாரிய காட்டுதா, பிள்ளைக கையக் கோத்துக்கிட்டு ஓடுதத காட்டுதா. ஆனா ஏமாத்தின கட்சி இருக்கு, ரோடு போட்ட கட்சியக் காணோம். அவளுக்கு அந்தக் கட்சி மேல ஒரு பிரியம். நேரடியா கேட்டா இல்லம்பா, நாங்க சுதந்திரமான ஊடகம்பா.

ராத்திரி சாப்பாட்டுல கேட்டேன். "அந்தக்கா ரெண்டு கட்சியையும்லா சொன்னா? பாதிய எங்க?"

"அப்பா, அதைப் போட்டா கதை கொழம்பும். ஜனங்க இப்ப யாரு இருக்காங்களோ அவங்களத்தான் கேக்கணும். இந்த எலெக்சன் நாட்டுக்கு வாழ்வா சாவாங்கற எலெக்சன்."

"கதை கொழம்பும்ங்கறது பிரசன்னா சொல்லுத வார்த்தை" அப்படின்னேன்.

"நீங்க முப்பது செகண்ட் போட்டிய. நான் நாப்பது நிமிசம் போட்டேன். ரெண்டும் ஒண்ணா?"

"முழுசாப் போட்டியா?"

"நீங்க போட்டியளா?"

எங்க வீட்டுக்காரி பகவதி, "கை காயுது, தின்னுட்டுச் சண்டை போடுங்க"ன்னா. நான் தட்டுலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கல அண்ணாச்சி. எனக்கு மேல எசமான் இருக்கான், டெஸ்க்கு இருக்கு, விளம்பரம் இருக்கு. இவளுக்கு மேல யாரு இருக்கா? யாருமே இல்லாதவ ஏன் வெட்டணும்? நீங்களே சொல்லுங்க.

வீடியோ தீயாப் பரவிட்டு. லட்சக்கணக்குல பாத்தாங்க. அதுதான் வினை. ரோடு போட்ட கட்சிக்காரன் பொன்னாடையத் தூக்கிட்டு அந்தக்கா வீட்டுக்கு வந்துட்டான். "நீங்கதாம்மா எங்க பிரச்சார பீரங்கி"ன்னு காலுல விழுதான். அந்தக்கா பொன்னாடைய வாங்கமாட்டேன்னுட்டா. வாங்காத படம் எவன் போடுதான்? அவன் நீட்டுத படந்தான் எல்லா இடத்துலயும் வந்துச்சு. அதப் பாத்துட்டு அடுத்த கட்சிக்காரன், "ஓகோ, காசு வாங்கிட்டுத்தான் பேசுதியளோ"ன்னு வந்து நின்னான். ஊரே ரெண்டுபட்டுப்போச்சு. கறுப்புக்கொடிய சில வீட்டுல கழட்டிட்டாங்க. "நாங்க ரோட்டுக்குத்தான் சேந்தோம், உன் கட்சிக்கு இல்ல"ன்னு அந்தக்கா சொந்தக் கொழுந்தனே சொல்லிட்டான். அவளுக்கு ஏது கட்சி?

பிறகு தாசில்தாரு சமாதானம் பேச வந்தாரு. அவரும் பாவம், ஒரு ஊருகூட புறக்கணிக்கக்கூடாதுன்னு மேல இருந்து நெருக்குதான். அன்னைக்கு நானும் இருந்தேன், வேற ரெண்டு சேனல்காரனும் இருந்தான். எலெக்சன் முடிஞ்சதும் நெடுஞ்சாலைக்காரங்கள வரவச்சு அளக்கச் சொல்லுதேன், அதுவரைக்கும் வேகத்தடுப்பு வைக்கச் சொல்லுதேன்னாரு.

"வாயால சொன்னா போதாது, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க"ன்னா ஆவடையக்கா.

அவரு, "சரிம்மா, எழுதுதேன்"னுட்டாரு. ஜீப்புல இருந்து லெட்டர் பேடு எடுத்துட்டு வரச் சொன்னாரு.

"அப்ப நான் ஊருக்காரங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன். அவங்க சரின்னா சரி"ன்னுட்டு அந்தக்கா கோயில் பக்கம் நடந்துச்சு.

முடிஞ்ச மாதிரிதானே? எழுதித் தாரேங்காரு, கேட்டுட்டு வாரேங்கா. பக்கத்துல நின்ன சேனல்காரன் போன எடுத்துட்டான். இதுல ஒரு நிமிசம் பிந்தினா இருபது வருசப் பேரு போயிரும். நான் ஓரமாப் போயி பிரசன்னாவுக்கு அடிச்சேன். "புறக்கணிப்பு வாபஸ், பிரேக்கிங் போட்டுரு தம்பி." மத்த சேனலுக்கு முன்னால நம்மதுல ஓடுச்சு. பிரசன்னா பாராட்டி மெசேஜ் போட்டான்.

அந்தக்கா ஊருக்காரங்களோட திரும்பி வருததுக்குள்ள தாசில்தாருக்கு மேல இருந்து போன் வந்துட்டு. டிவியில பாத்தோம், நல்ல வேலை பாத்தீருன்னு சொல்லியிருப்பாங்க போல. அவரு பேனாவ மூடிப் பையில சொருகிட்டாரு. "வாபஸ்னு டிவியிலயே வந்துட்டுல்லாம்மா. இனிமே எழுத என்ன இருக்கு? நான் சொன்னா சொன்னதுதான்"னு ஜீப்புல ஏறிட்டாரு.

அந்தக்கா என்னைப் பாத்து, "தம்பி, நான் எப்ப வாபஸ்னு சொன்னேன்?" அப்படின்னா.

"சொல்லத்தானேக்கா போனிய" அப்படின்னேன்.

அதுல என்ன தப்பு அண்ணாச்சி? நடக்கப்போறதத்தான் சொன்னேன். கொஞ்சம் முந்திச் சொன்னேன். எழுதித் தராததுக்கு நானா பொறுப்பு? அதை அந்த அதிகாரியில்லா கேக்கணும்.

ஆனா எம் மக விட்டாளா? அடுத்த அரை மணி நேரத்துல லைவ். "மிரட்டிப் பணிய வைக்கப்பட்ட கிராமம். போலீஸ் முற்றுகைக்குள் செவக்காட்டுப்பட்டி." முற்றுகையாம். அங்க இருந்த போலீஸே ரெண்டு பேரு. தாசில்தாரு கூட வந்தவங்க. ஒரு வீட்டுத் தாவாரத்துல உக்காந்து மோரு வாங்கிக் குடிச்சிக்கிட்டு இருந்தாங்க. அவங்கள பின்னால இருந்து எடுத்து, முதுகு மட்டும் தெரியுத மாதிரி வச்சு லைவ் போட்டுட்டா. "பெருநிறுவன ஊடகங்கள் பொய்ச் செய்தி பரப்புதாங்க"ன்னு வேற சொன்னா. பெருநிறுவன ஊடகம்னா யாரு? நாந்தான். என் பைக்குல ஏறி வந்தவ, என் பைக்கு பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொல்லுதா.

அதையும் லட்சம் பேரு பாத்தாங்க. ஊரு பேரு தெரியாதவனெல்லாம் கெளம்பி வாரோம், ரோட்ட மறிப்போம்னு எழுதினான். மறுநாள் நெசமாவே ஒரு வேன் போலீஸ் வந்து எறங்குச்சு. கலவரம் தூண்டுனாங்கன்னு ஆவடையக்கா மேலயும் இன்னும் நாலஞ்சு பேரு மேலயும் கேசு. அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகாம ஸ்டேசனுக்குப் போனா. நான் அந்தச் செய்தியப் போட்டேன். மகளும் போட்டா. "பாத்தியளா, நான் சொன்ன மாதிரியே போலீஸ் வந்துட்டு"ன்னு போட்டா.

ஓட்டுப்பதிவு அன்னைக்கு வாரேன்.

சாவடி பள்ளிக்கூடத்துல. பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஓட்டுப் போடணும்னாலும் அந்த ரோட்டத் தாண்டித்தான் போகணும். ஏற்கெனவே ஊரு பேரு இப்படி நாறிக் கெடக்கு, அன்னைக்கும் ஒருத்தன் அடிபட்டுச் செத்தா என்ன ஆகும்? மேல இருந்து உத்தரவு வந்துட்டு. ரெண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு. ஆளு நாலஞ்சு சேந்ததும் போலீஸ் விசில் ஊதி வண்டிய நிறுத்தி விடுதாங்க. காரு, லாரி, ஆம்னி பஸ்ஸு எல்லாம் மாடு மாதிரி நிக்கி. நாலுவழிச்சாலை வந்த பிறகு அந்த ஊருக்காரங்க நடந்து தாண்டினது அன்னைக்குத்தான். மத்த நாளெல்லாம் ஓட்டந்தான்.

நான் சாவடிக்கு முன்னால ஒரு பக்கம் நிக்கேன். எம் மகளும் பெனிட்டாவும் இன்னொரு பக்கம் நிக்காளுக. பேச்சுவார்த்தை கிடையாது. பகவதி கொடுத்து விட்ட தண்ணி பாட்டில மட்டும் பெனிட்டா கையில கொடுத்து அனுப்பினேன்.

சனங்க வருதாங்க. ஆனா பாதிப் பேரு சாவடிக்குள்ள போகல அண்ணாச்சி. ஒருத்தன் மாட்டுக்கு வைக்கோல தலையில வச்சுக் கொண்டு போறான். ஒருத்தி கேஸ் சிலிண்டர உருட்டிக்கிட்டு வருதா. நடக்கமாட்டாத கெழவி ஒண்ண நாற்காலியோட தூக்கிட்டு வந்து, கெழக்கால கட்டிக் கொடுத்த மக வீட்டுல விட்டாங்க. கெழவி அந்த வீட்டுக்குப் போயி எத்தனையோ மாசமாச்சாம், மகளும் அம்மையும் வாசலுலயே கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்காங்க. பிள்ளைக சும்மா சும்மா இங்கயும் அங்கயும் போகுது. போலீஸ்காரரு விசில் ஊதி ஊதி அலுத்துப் போனாரு.

ஆவடையக்காவும் காலையில இருந்து நடந்துக்கிட்டே இருந்தா. ஒரு தடவ விறகு, ஒரு தடவ பக்கத்து வீட்டு ரேஷன் மூட்டை. பிறகு பாத்தா கையில ஒண்ணுமே இல்ல. சும்மா நடக்கா. நடுவுல அரளிகிட்ட போனதும் ஒரு நிமிசம் நிப்பா, பிறகு இந்தப் பக்கம் வருவா. பிறகு திரும்பிப் போவா.

பிரசன்னா போன் மேல போன். "அண்ணே, அந்த அம்மா ஓட்டுப் போட்டாச்சா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, அதுதான் ஹெட்லைன்." மைக்கத் தூக்கிட்டு ஓடினேன். அந்தப் பக்கம் எம் மகளும் ஓடி வந்துட்டா. ரெண்டு மைக்கும் அந்தக்கா மொகத்துக்கு நேரா நிக்கி. இவ கேட்டா, "புறக்கணிப்புல உறுதியா இருக்கியளாம்மா?" நான் கேட்டேன், "ஓட்டுப் போட்டாச்சாக்கா?"

அந்தக்கா எங்களத் தள்ளிக்கூட விடல. மெதுவாச் சொன்னா. "இன்னும் ரெண்டு தடவ போயிட்டு வந்துருதேன் தம்பி. சாயங்காலம் தடுப்ப எடுத்துருவாங்க."

கேட்டதுக்குப் பதில் இல்ல. இதை வச்சு நான் என்ன செய்தி போட? கேமராவ நிறுத்திட்டேன். அந்தப் பக்கம் பாத்தா எம் மகளும் மைக்கத் தாழ்த்திட்டா. அந்த மட்டுக்கும் தொழில் தெரிஞ்ச பிள்ளைதான்.

சாயங்காலம் நாங்க "புறக்கணிப்பு அறிவித்த கிராமத்தில் விறுவிறு வாக்குப்பதிவு"ன்னு போட்டோம். கூட்டம் இருந்தது உண்மைதானே. அவ "காவல் வளையத்தில் தள்ளிச் செல்லப்பட்ட வாக்காளர்கள்"னு போட்டா. நான் அதைப் பாத்துட்டு வாய்விட்டே சிரிச்சேன். யாரு தள்ளினா? சிலிண்டர் உருட்டினவளயா தள்ளினாங்க?

பிறகு ரிசல்ட்டு வந்துச்சு. ஒருத்தன் ஜெயிச்சான், ஒருத்தன் தோத்தான். அந்த ஊரு ஓட்டு எந்தப் பக்கமும் ஒரு முடியக்கூட அசைக்கல. அளக்க யாரும் வரல. வேகத்தடுப்பும் வரல. கேசு மட்டும் நடக்கு, வாய்தா வாய்தாவா அக்கா கோர்ட்டுக்கு அலையுதா. எங்க சேனல்ல செலவக் கொறைக்கணும்னு ரெண்டு ஜில்லாவுக்கு ஒரு நிருபருன்னு ஆக்கிட்டாங்க. அதான் இப்படி பஸ்ஸுல கெடந்து அலையுதேன். பெனிட்டா கல்யாணம் ஆகிப் போயிட்டா. எம் மக வீட்டுலதான் இருக்கா. எலெக்சன் முடிஞ்ச பிறகு அவ சேனல யாரு பாக்கா? மலையில மழை இல்லன்னா அருவியில தண்ணி வருமா?

ஆடி மாசம் செவக்காட்டுப்பட்டியில மறுபடியும் ஒருத்தர் அடிபட்டுச் செத்தாரு. சமுத்திரபாண்டின்னு, விடியக்காலம் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போனவரு. எனக்குச் சேதி வந்துச்சு. சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய வாரேன், எம் மக வாசல்ல நிக்கா. அவளுக்கும் சேதி வந்திருக்கு. பைக்குல பின்னால ஏறிக்கிட்டா. நானும் வண்டிய எடுத்தேன்.

ஊருல போயி எறங்கினா ஒரு ஆளு எங்ககிட்ட பேசல. முன்னால எல்லாம் கேமராவப் பாத்ததும் நாலு பேரு வருவான், எம் பேரு போடுங்க, எம் பேரு போடுங்கன்னு. அன்னைக்கு அவங்க பாட்டுக்குக் குழி வெட்டப் போறதும், பந்தலு போடுததுமா இருக்காங்க. பிரசன்னாவுக்கு அடிச்சேன். "அண்ணே, அது லோக்கல்"னு வச்சுட்டான். எம் மக கேமராவ எடுத்தா. பந்தக்கால் ஊனிக்கிட்டு இருந்த ஒருத்தன், "வேண்டாம் தாயி"ன்னான். எடுத்தத பையில வச்சுட்டா.

ஆவடையக்கா செத்தவரு வீட்டு வாசலுல உக்காந்திருந்தா, செத்தவரு பொண்டாட்டி கையப் பிடிச்சிக்கிட்டு. எங்க ரெண்டு பேரையும் நிமிந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. கோவம் இல்ல அண்ணாச்சி, நான் மொகத்தப் படிச்சவன், எனக்குத் தெரியும். "அப்பனும் மகளும் அப்படியே ஒரே மாதிரி இருக்கிய"ன்னா. "போயிட்டு வாங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

எல்லாரும் இவள அம்மை சாடைன்னுதான் சொல்லுவாங்க. மூக்கு, முழி, நெத்தி எல்லாம் பகவதிதான். என் சாடைன்னு இதுவரைக்கும் சொன்ன ஒரே ஆளு அந்த அக்காதான். எனக்கு மனசுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்துச்சு. வருத வழியில இவகிட்ட சொன்னேன், "ஏட்டி, அந்தக்கா சரியாத்தான் கவனிச்சிருக்கா, பாத்தியா"ன்னு. கண்ணாடியில பாத்தா அழுதுக்கிட்டு வருதா. வீடு வருத வரைக்கும் அழுதா. எதுக்கு அழுதான்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன் அண்ணாச்சி, இன்னைக்கு வரைக்கும் சொல்லமாட்டேங்கா.